வேலங்காட்டில் நான் சும்மா உட்கார்ந்த கதை

சோமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜெரோம் தறிக்குடோன் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் வழி சொல்லமாட்டார், ஆளையே கூட அனுப்புவார். அந்த ஜெரோம் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் அப்பனும் அவருடைய அப்பனும் பிறத்தியார் தோட்டத்தில் களை வெட்டியும் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தும் காலத்தை ஓட்டினவர்கள். நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக்குடோனில் நூல் தீர்ந்த குச்சி பொறுக்கப் போனேன். எங்கள் தெருவில் சொந்தமாகத் தறி போட்ட முதல் ஆள் நான். மாடி வீடு கட்டிய முதல் ஆளும் நான்தான். இதையும் நானே என் கையால் எழுதுகிறேன். மகன் ரவிக்குமார் ஒற்றுப் பிழையை மட்டும் பார்த்தான்.

இத்தனை செய்த எனக்கு ஒரே ஒரு வேலை தெரியாமல் இருந்தது. சும்மா உட்காருவது.

அது ஏன் என்று தறி ஓட்டினவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விசைத்தறி ஓட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். ஒரு குடோனுக்குள் எட்டுத் தறி சேர்ந்து ஓடினால் வெளியாள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். எங்களுக்கு அது தாலாட்டு. அந்த எட்டில் ஒன்று நின்றால், முதுகைக் காட்டி நின்றாலும் எங்களுக்குத் தெரியும். தறி நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். ஓடிப்போய் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டிவிட வேண்டும். சத்தம் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் நின்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது. இது என் எலும்புக்குள் ஊறிய பாடம். கரண்ட் போனால் தூக்கத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவேன்.

என் காது மந்தம் என்று ரவிக்குமார் சொல்லுவான். அது சரியில்லை. ஊரில் மெல்லப் பேசுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

என் மனைவி மெர்சி அதே சத்தத்துக்குள் கிடைத்தவள். நான் கூலிக்குத் தறி ஓட்டிய குடோனில் அவள் குச்சியில் நூலேற்றித் தார் சுற்ற வந்தாள். அந்த இரைச்சலில் வாயால் பேசி யாருக்கும் ஒன்றும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் அறுந்துபோச்சு. ஆள்காட்டி விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா போல ஆட்டினால் ஓடுது, ஒன்றும் பிரச்சினை இல்லை. நான் அவளிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று சாடையில்தான் கேட்டேன். அவளும் விரலை ஆட்டித்தான் சரி என்றாள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் பெண் பிடித்தவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மெர்சிக்கு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறக்கூடாது. நான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். பாட்டும் பிரசங்கமும் நடக்கிற வரைக்கும் கடைசி வரிசையில் இருப்பேன். சாமியார் எல்லாருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடித்ததும் கோயிலே மூச்சுவிடாமல் அமைதியாகும் பாருங்கள், அப்போது எழுந்து வண்டியிடம் வந்துவிடுவேன். ஏன் என்று கேட்டால், "நான் கும்பிடற சாமி இந்த ரெண்டு கைதான்" என்று சொல்லுவேன். 

போன வருசம் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் வாங்கியது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். இதயத்துக்குள் ரத்தம் போகிற வழியில் ஒரு கதவு இருக்கிறதாம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அது தடித்துப்போய், இப்போது சரியாகத் திறக்கவில்லையாம். நெஞ்சைத் திறந்து அந்தக் கதவை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

அதற்கு முன்னால் எக்கோ எடுத்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் மெர்சி படுத்திருந்தாள். அந்த மிஷினில் அவள் இதயத்தின் சத்தம் உஸ், உஸ் என்று கேட்டது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. நல்ல ஓட்டம். அப்போது மிஷினிடம் இருந்த பெண் ஏதோ பொத்தானை அமுக்கினாள். சத்தம் சட்டென்று நின்றது.

நான் என்ன செய்தேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. திரையைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். "நின்னுபோச்சு, ஓடியாங்க, நின்னுபோச்சு" என்று குடோனில் கத்துகிற மாதிரி கத்தியிருக்கிறேன். அந்தப் பெண் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்து அறையில் இருந்தவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். மெர்சி எழுந்து உட்கார்ந்து படபடவென்று மூச்சு வாங்கினாள். அவளுக்கு நாடி அடங்க வெகுநேரம் ஆனது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "பெரியவரே, இவங்களுக்குப் படபடப்பு ஆகாது. நீங்களே அதைக் குடுத்தா நாங்க என்ன பண்றது" என்றார். 

காரில் திரும்பும்போது கருமத்தம்பட்டி வந்ததும் மெர்சி மெதுவாகச் சொன்னாள். 

"ஏனுங்க, ஆபரேசனுக்கு நீங்க வரவேண்டாமுங்க. ரவி வந்தாப் போதும்."

"என்ன புள்ள பேசற? நான் இல்லாம உன்னைய உள்ள அனுப்பறதா?"

"உள்ள படுத்துக்கிட்டு, வெளியில இவரு யாரு கதவை ஒடைக்கறாரோன்னு நான் நெனச்சுக்கிட்டே இருக்கோணுமா? என் நெஞ்சு தாங்காதுங்க."

ரவிக்குமார் வண்டியை ஓட்டிக்கொண்டே, "அம்மா சொல்றது நாயந்தானுங்கப்பா" என்றான். நான் வாங்கிக் கொடுத்த கார், நான் படிக்க வைத்த பையன்.

கடைசியில் மெர்சி கொஞ்சம் இறங்கிவந்தாள். "சும்மா உக்காரப் பழகுங்க. பழகிட்டீங்கன்னா வாங்க. இல்லாட்டி ஊட்டுலயே இருங்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆபரேசனுக்கு இரண்டு மாதம் கழித்து நாள் கொடுத்திருந்தார்கள்.

தறியே தெரியாமல் வந்து தறி முதலாளி ஆனவன், சும்மா உட்காருவது ஒரு வேலையா என்று நினைத்தேன். வீட்டில் முடியவில்லை. பக்கத்திலேயே குடோன், காது அங்கேதான் போகும். டாக்டர் மெர்சியை மூச்சு வாங்காத அளவுக்கு மெல்ல நடக்கச் சொல்லியிருந்தார். அதற்கு அவளே ஒரு இடம் பார்த்து வைத்திருந்தாள்.

சூலூர் போகிற பாதையில் இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரிப் பாதைக்குள் திரும்பினால் ஒரு பழைய மேய்ச்சல் காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே வெள்வேல மரம், வேம்பு, ஊஞ்சை. ஏர் படாத மண். சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். ஒரு போன் போட்டேன், "ஜெரோமண்ணனுக்கு இல்லாத பாதையா" என்றார். என் பேருக்கு அந்த மரியாதை உண்டு.

முதல்நாள் நான் சட்டைப்பையில் செல்லில் பாட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். வேலிப் படலைத் திறந்து உள்ளே போனதும் மெர்சி அதை வாங்கி அமத்திவிட்டாள். அமத்தினதும் காடு என் காதுக்குள் புகுந்தது. புகுந்தது என்றா சொல்கிறேன், ஒன்றுமே புகவில்லை, அதுதான் தொந்தரவு. ஒரு சத்தமும் இல்லை. என் உடம்பு பூராவும் எங்கே அறுந்தது, எங்கே அறுந்தது என்று தேடியது. அதனால் நான் பேசினேன். இந்த மரம் இத்தனை வயது இருக்கும், இந்த நிலத்தை நான் வாங்கியிருந்தால் எப்படி வைத்திருப்பேன் என்று பேசிக்கொண்டே நடந்தேன்.

மரத்துக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஏனுங்ணா, இங்கென்ன சந்தையா நடக்குது? ஆடு பூராவும் மெரண்டு அக்கட்டால ஓடிப்போச்சுங்."

ராமாத்தாள். அந்தக் காட்டில் ஆடு மேய்க்கிறவள். என் வயதில் பாதிதான் இருக்கும், வாய் என்னைப்போல இரண்டு மடங்கு. "யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியாம்மா?" என்று கேட்டேன். "தெரியாம என்னங், தறிக்காரரு ஜெரோமண்ணன். ஆட்டுக்குத் தெரியோணுமில்லங்" என்றாள். மெர்சி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் ராமாத்தாளை விட்டுவிட்டேன்.

தினமும் போனோம். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்து, நடுவில் இருக்கிற பெரிய வெள்வேல மரத்தடியில் உட்காருவோம். மெர்சி கண்ணை மூடிக்கொள்வாள். நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், சூலூர் ஏர்போர்ஸிலிருந்து விமானம் கிளம்பித் தலைக்கு மேலே போனால்தான் எனக்கு நிம்மதி. அது போகிற வரைக்கும் நல்லாயிருப்பேன். போனதும் பழையபடி கால் ஆடும்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். "கண்ணை மூடிக்கிட்டு என்ன புள்ள கேட்ட? ஆபரேசன் நல்லாகோணும்னா?"

"ஒண்ணும் கேக்கலீங்க. சும்மா இருந்தனுங்க."

"சும்மா இருக்கறதுக்குப் பேரு ஜெபமா?"

"நீங்க ஊட்டுல இருக்கறப்ப நான் உங்ககிட்ட எந்நேரமும் கேட்டுக்கிட்டேவா இருக்கறேன்? நீங்க இருக்கறீங்கன்னு தெரியும், சும்மா இருப்பேன். அதாட்டத்தான்."

 நான் எழுந்து இன்னொரு சுற்று நடந்தேன்.

அப்புறம் ஒரு காலை. முந்தின நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. காட்டில் சில்வண்டு பிடித்துக்கொண்டது. சாதாரணமாக இல்லை, மரத்துக்கு மரம், வேலிக்கு வேலி, காடே ஒரு குடோன் மாதிரி இரைந்தது. எனக்கு எத்தனை சந்தோசம். முதல்தடவையாக அந்த மரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினேன். நல்லாயிருக்குது புள்ள என்று மெர்சியிடம் விரலை ஆட்டிக் காட்டினேன். அவளும் ஆட்டினாள்.

ஒரே நொடியில் எல்லா வண்டும் ஒன்றாக நின்றுவிட்டன.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு எட்டு ஓடியும்விட்டேன். எங்கே ஓடுகிறேன்? எதை முடியப்போகிறேன்? அந்தக் காட்டில் எனக்கு முடிச்சுப் போட ஒரு இழை கிடையாது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சாமி வந்தவன் மாதிரி நின்றிருந்தேன். மெர்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"உக்காருங்க. அதுவா ஓடும்" என்றாள்.

உட்கார்ந்தேன். காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரு மயில் தூரத்தில் அகவி ஓய்ந்தது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்புறம் வேலி ஓரத்தில் ஒரு வண்டு தொடங்கியது. அதற்கு இந்தப்பக்கம் ஒன்று. கொஞ்ச நேரத்தில் காடு பூராவும் பழையபடி இரைந்தது.

யாரும் ஓடவில்லை. யாரும் முடிச்சுப் போடவில்லை. ஒரு மேஸ்திரி இல்லை, ஒரு முதலாளி இல்லை. தானாக நின்றது, தானாக ஓடியது. நான் கையை வைக்காமல் ஓடுகிற ஒன்றை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். அத்தனை பெரிய குடோனை ஓட்டுகிறவர் யாரோ, அவருக்கு என்னைவிடத் தொழில் தெரியும். இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இல்லை. தொழில் தெரிந்தவனைப் பார்த்தால் தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும்.

அடுத்த தடவை வண்டு நின்றபோது உட்கார்ந்தே இருந்தேன். உடம்பு துள்ளியது, கையால் வேரைப் பிடித்துக்கொண்டேன். அதற்கடுத்த தடவை வேரைப் பிடிக்கவில்லை. வண்டே இல்லாத நாளிலும் இருக்கப் பழகினேன். சத்தமில்லாத நேரம் அறுந்துபோன நேரம் அல்ல என்று எலும்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாலாவது படித்தவன் இந்த வயதில் எலும்புக்குப் பாடம் எடுத்தேன்.

இந்தச் சாதனையை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? ராமாத்தாள்தான் இருந்தாள். படலிடம் நின்று, "அம்மணி, இன்னிக்கு நான் மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தேன், பாத்தியா" என்றேன்.

"சும்மா இருந்தேன்னு சொல்றதுக்கு இத்தனை சத்தமுங்களாண்ணா?" என்றாள்.

ஆபரேசனுக்கு முந்தின நாள் மெர்சி பையில் துணி எடுத்து வைத்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் என் சட்டை ஒன்றையும் மடித்துப் பையில் வைத்தாள்.

"வாங்க" என்றாள். "ஆனா கதவைத் தட்டுனீங்கன்னு ரவி சொன்னா, அப்புறம் ஆயுசுக்கும் உங்களோட பேசமாட்டேன்."

"பேசறதுக்கு நீ நல்லபடியா வந்தாச் சரி" என்றேன்.

மறுநாள் உள்ளே கொண்டுபோகிறபோது கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது புள்ள" என்றேன். "சொல்ல வேண்டாமுங்க. புடிச்சிருங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலி போட்ட ஒரு நீளமான நடை. அங்கே காத்திருந்தவர்களில் பாதிப்பேர் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிப்பேர் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலில் தெரிந்த ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் ஒரே சீராக இருந்தது. அதைக் காது பிடித்துக்கொண்டது என்பதை மறைக்கமாட்டேன். ரவிக்குமார் டீ வாங்கக் கீழே போனான்.

அவன் போன பிறகு கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. அந்த நடை பூராவும், ஒரு நொடி, பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஆனது. பக்கத்தில் இருந்த அம்மாள் "ஐயோ, உள்ள என்னாச்சு" என்று எழுந்தார். அவர் எழுந்ததும் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். ஒருவர் கதவிடம் போய்விட்டார்.

என் கால் தரையை உதைத்தது. அந்தக் கதவுக்கு உள்ளே என் மெர்சி நெஞ்சைத் திறந்துபோட்டுக் கிடக்கிறாள், சத்தம் நின்றுபோச்சு. இதைவிடப் பெரிதாக என் உடம்புக்கு யாரும் உத்தரவு போட முடியாது. எழுந்திருந்தால் நான் அந்தக் கதவைத் தட்டியிருக்கமாட்டேன், உடைத்திருப்பேன். கையில் ஜெபமாலை உறுத்தியது. உக்காருங்க, அதுவா ஓடும் என்று அவள் சொன்னது அந்த ஈர மண் வாசனையோடு காதில் கேட்டது.

உட்கார்ந்தேன். நான் முடிச்சுப் போடக்கூடிய இழை அந்தக் கதவுக்குள் ஒன்றும் இல்லை. முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள், அவர்களுக்கும் மேலே அந்தக் காட்டை ஓட்டுகிறவர் இருக்கிறார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள், சரி என்று இருந்தேன். அதுதான் நான் செய்த முதல் ஜெபம். நல்ல ஜெபம், இப்போதும் சொல்லுவேன்.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தது. உள்ளே மிஷின்களுக்கெல்லாம் பேட்டரி உண்டு, ஒன்றும் நிற்காது என்று ஒரு நர்சம்மா வெளியே வந்து எல்லாரையும் உட்காரச் சொன்னார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை, நான் உட்கார்ந்துதான் இருந்தேன். ரவிக்குமார் படியில் ஓடிவந்து, டீயெல்லாம் கையில் கொட்டியிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"அப்பா, நீங்க..."

"டீ ஆறுது, குடு" என்றேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். மறுநாள் காலையில் என்னை உள்ளே விட்டார்கள். மெர்சியின் வாயில் குழாய் இருந்தது. பேச முடியாது. கண் திறந்து என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் எனக்கு மட்டும் மொழி இருந்தது. நான் புருவத்தை உயர்த்தினேன். போர்வைக்கு மேலே அவள் ஆள்காட்டி விரல் இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

பக்கத்தில் இருந்த நர்சம்மா, "என்ன சொல்றாங்க, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். "ஓடுதுங்களாம்" என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நன்மை கொடுத்த பிறகும் உள்ளேயே இருக்கிறேன். சாமியார் இதைக் கவனித்து மெர்சியிடம் விசாரித்தாராம். கவனிக்காமல் எப்படி இருப்பார்?

தையல் ஆறி, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் காட்டுக்குப் போனோம். பாதி சுற்றுதான் நடந்தோம். வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தோம். காற்று இல்லை, வண்டு இல்லை, விமானமும் இல்லை.

"ஏனுங்க, எனக்கு ஒரு சத்தம் கேக்குதுங்க" என்றாள் மெர்சி. "ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. வச்சிருக்கற கதவு இரும்பாட்டமாம். அமைதியா இருந்தா தட்டற சத்தம் வெளிய கேக்குமாம்."

"எனக்குக் கேக்கலயே."

"உங்களுக்கு எங்க கேக்கப்போகுது? கிட்ட வாங்க."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதை அவள் தோள்பட்டைக்குக் கீழே, முதுகில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்புறம் வந்தது. டிக். டிக். டிக். சின்னச் சத்தம், கைக்கடிகாரத்தைத் துணிக்குள் சுற்றி வைத்த மாதிரி. அந்தக் காட்டில் ஒரு இலை அசைந்திருந்தால்கூட அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்காது. நான் காதை எடுக்கவில்லை.

வேலி ஓரத்தில் ஆட்டோடு வந்த ராமாத்தாள் எங்களைப் பார்த்துவிட்டு நின்றாள். இத்தனை நாள் கழித்துப் பார்க்கிறாள் அல்லவா, அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏனுங்ணா, அக்காளுக்கு எப்படிங் இருக்குது?"

நான் வாயைத் திறக்கவில்லை. காதை அப்படியே வைத்துக்கொண்டு, கையை மட்டும் உயர்த்தி ஆள்காட்டி விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். அவளுக்கு அது விளங்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.